சாம்பியன் என்றொரு ஸ்டேஷன்

பங்காருப்பேட்டையிலிருந்து கோலார் தங்க வயலுக்குப் பிரியும் கிளைப் பாதையில், உரிகத்துக்கும் மாரிக்குப்பத்துக்கும் நடுவே ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. பெயர் சாம்பியன். யாரும் எதையும் ஜெயித்த ஞாபகார்த்தமாக வைத்த பெயரல்ல. பூமிக்குள் தங்கம் ஓடிய பாறைப் படிவம் ஒன்றுக்கு வெள்ளைக்காரர்கள் சாம்பியன் ரீஃப் என்று பெயரிட்டார்கள். அதைத் தோண்டிய சுரங்கத்துக்கும் அதே பெயர் வந்தது. பக்கத்தில் வந்த ஸ்டேஷனுக்கும் ஒட்டிக்கொண்டது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை போன சுரங்கம் அது. இப்போது மூடிக் கிடக்கிறது. ஸ்டேஷன் மட்டும் சாம்பியனாகவே நீடிக்கிறது.

அந்த ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் என் பெரியப்பா வீடு. 2025 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஒரு காதுகுத்து விசேஷத்துக்குப் போயிருந்தேன். ராத்திரி பந்திப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது பெரியப்பாவின் பேரன் திண்ணையில் செல்போனை முறைத்தபடி உட்கார்ந்திருந்தான். தினமும் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற ஆயிரக்கணக்கான தங்க வயல் பையன்களில் அவனும் ஒருவன். ஃபார்முலா ஒன் பைத்தியம். அபுதாபியில் கடைசிப் பந்தயம் முடிந்திருந்தது. அவனுடைய ஆதர்ச வீரர் வெர்ஸ்டாப்பன் அதில் ஜெயித்திருந்தார். ஆனால் உலக சாம்பியன் பட்டம் அன்றைக்கு மூன்றாவதாக வந்த லாண்டோ நாரிஸுக்குப் போய்விட்டது.

"எட்டு ரேஸ் ஜெயிச்சவன் ரெண்டாவது, ஏழு ஜெயிச்சவன் சாம்பியன். இது என்ன நியாயம், சித்தப்பா?"

நாரிஸ் 423 புள்ளி, வெர்ஸ்டாப்பன் 421. இருபத்துநாலு பந்தயங்கள் ஓடிய பிறகு இரண்டே புள்ளி வித்தியாசம்.

சுரங்கத்துக்குள் முப்பது வருடத்துக்கு மேல் இறங்கி ஏறிய பெரியப்பாவுக்குக் கார் பந்தயம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. "ரெண்டாவதா வந்தா எவ்ளோ குடுப்பான்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதல் இடத்தை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1950-ல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியபோது ஜெயித்தவருக்கு 8 புள்ளி, இரண்டாமவருக்கு 6. அதாவது இரண்டாவது இடத்தின் விலை 75 பைசா. 1961-ல் ஜெயித்தவருக்கு 9 ஆக்கினார்கள். இரண்டாமவர் 6-லேயே நின்றார், விலை 67 பைசாவுக்கு இறங்கியது. 1991-ல் வெற்றிக்கு 10 கொடுத்தபோது 60 பைசா. 2003-ல் இரண்டாமவருக்குத் திடீரென்று 8 கொடுத்தார்கள்; ஒரே தாவலில் 80 பைசா. 2010-ல் வந்த இன்றைய முறையில் வெற்றிக்கு 25, இரண்டாவதுக்கு 18. எழுபத்திரண்டு பைசா. மூன்றாவது, நாலாவது இடங்களுக்கும் இப்படி ஏற்ற இறக்கம் உண்டு என்றாலும், இந்த ஒரு விலையைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டைகள் புரிந்துவிடும்.

விலை எதற்காக மாறுகிறது? பெரும்பாலும் முந்தைய வருடத்துக் கோபத்தால். 2002-ல் மைக்கேல் ஷூமாக்கர் ஜூலை மாதமே, இன்னும் ஆறு பந்தயம் பாக்கி இருக்கும்போதே, பட்டத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மிச்ச மாதங்களில் யார் டி.வி. பார்ப்பார்கள்? எனவே மறுவருடம் இரண்டாவது இடத்துக்கு விலையேற்றினார்கள். பலன் உடனே தெரிந்தது. 2003-ல் ஷூமாக்கர் ஆறு பந்தயம் ஜெயித்தார், கிமி ராய்க்கோனன் ஒன்றே ஒன்று. ஆனால் ராய்க்கோனன் ஏழு தடவை இரண்டாவதாக வந்தார். முடிவு 93-க்கு 91. பழைய 60 பைசா விலையில் அதே பந்தயங்களைக் கூட்டிப் பார்த்தால் 77-க்கு 67. பத்துப் புள்ளி வித்தியாசம் இரண்டாகச் சுருங்கியது பெரிய அளவில் ராய்க்கோனனின் வேகத்தால் அல்ல, பேனாவால்.

2008 இன்னும் சுவாரஸ்யம். பிரேசிலில் கடைசிப் பந்தயம். ஃபிலிப்பே மாஸா சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் முன்னால் ஜெயித்துக் கோட்டைக் கடந்தார். அவர் குடும்பம் கொண்டாட ஆரம்பித்துவிட்டது. அரை நிமிடத்துக்குப் பிறகு, கடைசி வளைவுகளில் லூயிஸ் ஹாமில்டன் ஒரு காரை முந்தி ஐந்தாவதாக வந்தார். ஹாமில்டன் 98, மாஸா 97. ஆறு பந்தயம் ஜெயித்தவர் தோற்று, ஐந்து ஜெயித்தவர் சாம்பியன். இதை 60 பைசா கணக்கில் போட்டால் மாஸா 83, ஹாமில்டன் 80. இன்றைய 72 பைசா முறையில் போட்டால் ஹாமில்டன் 243, மாஸா 240. ஒரே பந்தயங்கள், ஒரே வரிசை. தராசை மாற்றினால் சாம்பியன் மாறுகிறார், மறுபடி மாற்றினால் திரும்பி வருகிறார்.

அந்த வருடத்து எரிச்சலில்தான் 2009 மார்ச்சில் சர்வதேசக் கார் பந்தய அமைப்பு ஒரேயடியாக, அதிகப் பந்தயம் ஜெயித்தவரே சாம்பியன் என்று அறிவித்தது. பேரனுக்கு இது தெரியாது. சொன்னதும் முகம் மலர்ந்தது. அணிகள் எதிர்த்ததால் ஒரு வாரத்துக்குள் அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள் என்று சொன்னதும் மறுபடி வாடிப்போனான். நியாயமான வாபஸ்தான் என்பது என் கட்சி. 1982-ல் கேகே ராஸ்பெர்க் ஒரே ஒரு பந்தயம் ஜெயித்துச் சாம்பியன் ஆனார். அந்த வருடம் இரண்டு பந்தயம் ஜெயித்தவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். வெற்றியை மட்டும் எண்ணியிருந்தால் அந்த ஐந்து பேரில் யாருக்குப் பட்டத்தைக் கொடுப்பது என்று அடுத்த பஞ்சாயத்து ஆரம்பித்திருக்கும்.

விலையைத் தவிர இன்னொரு தந்திரமும் ஒரு காலத்தில் இருந்தது. கழித்துக் கூட்டல். நம்மூர் ப்ளஸ் டூ பையன்களுக்கு இது சட்டென்று புரியும். மொத்த மார்க் ஒன்று, கட்-ஆஃப் மார்க் வேறொன்று. ஆறு பாடம் எழுதினாலும் இன்ஜினீயரிங் சீட்டுக்குக் கணக்கு, பௌதிகம், ரசாயனம் மூன்றைத்தான் பார்ப்பார்கள். அதே மாதிரி 1988-ல் பதினாறு பந்தயம் ஓடினாலும் சிறந்த பதினொன்றைத்தான் சேர்த்தார்கள். ஆலன் ப்ராஸ்ட் ஏழு வெற்றி, ஏழு இரண்டாம் இடம்; மொத்தம் 105 புள்ளி. அயர்டன் சென்னா எட்டு வெற்றி, மொத்தம் 94. கழித்துக் கூட்டியபோது ப்ராஸ்டின் இரண்டாம் இடங்களில் மூன்று குப்பைக்குப் போயின. சென்னா 90, ப்ராஸ்ட் 87. அன்றைக்கு யாரும் ஏமாற்றவில்லை. கார்கள் அடிக்கடி பழுதாகும் காலம் அது. ஓரிரண்டு தடவை இஞ்சின் புகைந்ததற்காக ஒருவர் பட்டத்தை இழக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த விதி. அதிகம் பழுதாகாமல் ஓட்டிய மனிதரை அது தண்டித்துவிட்டது. 1991-லிருந்து எல்லாப் பந்தயத்தையும் சேர்க்கிறார்கள்.

ஒரு சின்னக் கிளைக்கதை. ஆரம்ப வருடங்களில் ஒரு பந்தயத்தில் அதிவேகச் சுற்று ஓட்டியவருக்கு ஒரு புள்ளி உண்டு. 1954-ல் பிரிட்டிஷ் பந்தயத்தில் நேரத்தை முழு விநாடிகளில்தான் குறித்தார்கள். ஏழு பேருக்கு ஒரே நேரம் வந்துவிட்டது. என்ன செய்தார்கள்? ஒரு புள்ளியை ஏழாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். பாகப் பிரிவினையில் மாமரத்தைப் பங்கு போட்ட கதைதான்.

"நம்ம ஆளு யாராவது இதுல வாங்கியிருக்கானா?" என்று பெரியப்பா கேட்டார்.

வாங்கியிருக்கிறார். இந்தியாவில் பிறந்து வளர்ந்த டிரைவர்கள் ஃபார்முலா ஒன்னில் வாங்கிய மொத்தப் புள்ளி ஐந்து. அந்த ஐந்தும் ஒரே ஆளுடையவை, ஒரே நாளில் வந்தவை. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியனாபோலிஸ்.

நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்தவர். சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் தமிழ்நாட்டின் கார் பந்தயம் வளர்ந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. அங்கே ஓட்டிப் பழகி, 1996-ல் ஃபார்முலா ஏஷியா பட்டம் வாங்கி, ஐரோப்பாவில் வருடக்கணக்கில் காத்திருந்து, 2005-ல் ஜோர்டான் அணியில் இடம் பிடித்தார் நரேன். ஜோர்டான் அப்போது மிகவும் நொடித்துப் போயிருந்த அணி. நல்ல நாளில் பதினோராவது இடம் வரும். புள்ளி எட்டாவது இடம் வரைக்கும்தான்.

இண்டியனாபோலிஸில் மிஷலின் டயர்கள் ஒரு வளைவில் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த டயர் போட்ட ஏழு அணிகளின் பதினாலு கார்களும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் நேராக ஷெட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், பாட்டில்கள் பறந்தன. நரேன் நாலாவது. ஐந்து புள்ளி.

"ஆறு பேர் ஓடின ரேஸ்ல நாலாவது வந்தா அது ஒரு பாயிண்டா?" என்றான் பேரன். தமிழ் பேசுகிற பாதிப் பேர் இதே கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்கள் அப்போது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன்.

அந்த வருட முடிவில் அணிகளின் பட்டியலில் ஜோர்டான் 12 புள்ளியுடன் ஒன்பதாவது, மினார்டி 7 புள்ளியுடன் பத்தாவது, அதாவது கடைசி. ஜோர்டானின் பன்னிரண்டில் ஐந்து நரேனுடையது. அன்று நரேனின் கார் நடுவழியில் நின்றுபோயிருந்தால் அவருக்குப் பின்னால் வந்த இரண்டு மினார்டிகளும் ஒரு படி ஏறியிருக்கும். மினார்டிக்கு ஒன்பது, ஜோர்டானுக்கு ஏழு. கடைசி இடம் ஜோர்டானுக்கு. ஆக, உலகமே கேலி செய்த பந்தயத்தில் காரைச் சிராய்ப்பில்லாமல் கொண்டுவந்து சேர்த்தது ஒரு அணியின் வருடத்தைத் தீர்மானித்தது. அதே நாலாம் இடத்துக்கு 2002 வரை மூன்று புள்ளிதான் கிடைத்திருக்கும். 2010-க்குப் பிறகு என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு என்றால் சிரித்திருப்பார்களா என்று தெரியவில்லை. நரேன் ஓட்டியது என்னவோ ஒரே ஓட்டம்தான்.

இந்தியப் பெயர் தாங்கிய அணிக்கு நேர்ந்தது வேறு கதை. ஃபோர்ஸ் இந்தியா 2018-ன் நடுவில் கடனில் மூழ்கி, நீதிமன்ற நிர்வாகத்துக்குப் போய், புது முதலாளிகள் கைக்கு மாறியது. அதே தொழிற்சாலை, அதே கார், அதே டிரைவர்கள். ஆனால் சட்டப்படி புது அணி என்பதால் அதுவரை சேர்த்திருந்த 59 புள்ளிகளும் அழிந்தன. மிச்சப் பந்தயங்களில் 52 வாங்கி ஏழாவது இடம். இரண்டையும் கூட்டினால் 111. ஐந்தாவதாக வந்த ஹாஸ் வாங்கியது 93. டிரைவர்களின் சொந்தப் புள்ளிகளை மட்டும் தொடவில்லை. ஒரே காரின் ஒரே ஓட்டம், ஒரு பட்டியலில் உயிரோடு இருந்தது, இன்னொன்றில் செத்துப்போனது.

பெரியப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தங்கத்துக்கும் இப்படித்தான் விலை போட்டான்" என்றார்.

அவர் சொன்னது சரித்திரம். 1956-ல் மைசூர் அரசு இந்தச் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய நிதியமைச்சகத்துக்குப் போனது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற நிறுவனமானது. தேசியமயமான பிறகு பல வருடங்களுக்கு இங்கே எடுத்த தங்கம் சந்தைக்கு வரவில்லை. சர்வதேச அதிகாரபூர்வ விலைக்கு, அதாவது அவுன்ஸ் 35 டாலர் கணக்கில், அரசாங்கக் கையிருப்புக்குப் போனது. உள்ளூர் நகைக்கடையில் அதே தங்கம் ஏறத்தாழ இரு மடங்கு விலை விற்றது. சுரங்கத்தின் வரவு செலவுக் கணக்கில் அரசு விலையைத்தான் எழுதினார்கள். செலவை நிஜ விலையில் எழுதினார்கள். நஷ்டம் என்று வந்தது.

இதை மட்டுமே காரணமாகச் சொன்னால் அதுவும் நான் ஒரு தராசைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பேசுவதாகிவிடும். ஆரம்பத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசிக் காலத்தில் நாலு கிராமுக்கும் கீழே போனது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் குளிர்காற்று அனுப்பவும் தண்ணீர் இறைக்கவும் ஆன செலவு எந்த விலையிலும் செலவுதான். 2001 பிப்ரவரி 28-ல் மூடியபோது வேலையிழந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அந்த வருடம் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் முந்நூறு டாலரைக்கூட எட்டவில்லை. 2025 அக்டோபரில் நாலாயிரத்தைத் தாண்டியது. மூடும் முடிவு எடுத்தவர்கள் கையில் இருந்தது அன்றைய விலைதான். இன்றைய விலையை வைத்து அவர்களைத் திட்டுவது, 2010-ன் முறையை வைத்து 1988-ன் பட்டத்தைப் பிடுங்குவது மாதிரி. ஆனால் அறுபதுகளின் 35 டாலர் விஷயம் அப்படியல்ல. அன்றைக்கே இரண்டு விலை கண்முன் இருந்தது. எதை எழுதுவது என்று ஒருவர் தேர்ந்தெடுத்தார்.

பேரனிடம் நான் சொல்ல வந்தது இதுதான். பந்தயம் முடிந்த பிறகு வேறு தராசில் நிறுத்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு, நானும் செய்கிறேன், இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. டிரைவர் தராசைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார். 2008-ல் ஐந்தாவது வந்தால் போதும் என்று ஹாமில்டனுக்குத் தெரியும். மழையில் உயிரைப் பணயம் வைத்து முன்னால் போகவில்லை. 60 பைசா முறை இருந்திருந்தால் அவர் அந்த மாதிரி ஓட்டியிருக்க மாட்டார், அதற்கு முந்தைய பந்தயங்களையும் சேர்த்து. அதேபோல் 2025 அபுதாபியில் மூன்றாவது வந்தாலே பட்டம் என்று நாரிஸுக்குத் தெரியும். முன்னால் போன இருவரைத் துரத்தி மோதிக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்து? வெற்றிகளை மட்டும் எண்ணுகிற முறை இருந்திருந்தால் அந்த மாலை வேறொரு நாரிஸைப் பார்த்திருப்போம். மாஸாவை 83 என்று கூட்டலாம். அந்த 83-ஐ எந்த வருடத்திலும் யாரும் ஓட்டவில்லை. விதியைப் பந்தயத்துக்கு முன்னால் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ரேஸில் சொல்லிவிடுகிறார்கள்.

"சுரங்கத்துல?" என்றான் பையன்.

பெரியப்பா பதில் சொல்லவில்லை. வெற்றிலையைக் கொடுக்கில் ஒதுக்கிக்கொண்டு, "அந்தக் கோயம்புத்தூர் பையன் அதுக்கப்புறம் ஜெயிக்கவே இல்லையா?" என்றார்.

ஜெயித்தார். 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபூஜி டிராக்கில், ஜப்பானிய சூப்பர் ஜி.டி. கார்களும் ஜெர்மானிய டி.டி.எம். கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் நரேன் முதலாவதாக வந்தார். நாற்பத்திரண்டு வயதில். ஆறு கார்கள் அல்ல, இரண்டு தொடர்களின் கார்களும் இருந்தன, யாரும் ஷெட்டுக்குத் திரும்பவில்லை.

"அதுக்கு எவ்ளோ குடுத்தான்?"

அது எந்த சாம்பியன்ஷிப்பிலும் சேராத கண்காட்சிப் பந்தயம். புள்ளி கிடையாது.

பெரியப்பா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பேரனுக்குக் காலை ரயில். அலாரம் வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.